உப்பு போக அலசிய தூள்

கல்லலுக்கும் திருப்பத்தூருக்கும் நடுவே இருக்கும் நார் மில்லில்தான் எனக்கு வேலை. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூளை முன்பெல்லாம் ரோட்டோரம் மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். காற்றடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. இப்போது அந்தத் தூளுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி, கண்டெய்னரில் ஏற்றித் தூத்துக்குடி வழியாக ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். அங்கே மண்ணுக்குப் பதில் அதில் தக்காளி வளர்க்கிறார்களாம்.

அந்தத் தக்காளிக்கு உப்பு ஆகாது. மட்டையிலேயே உப்பு உண்டு என்பதால் தூளை நல்ல தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்ப அலச வேண்டும். அலசிய தண்ணீரில் மீட்டரை முக்கி உப்பைப் பார்ப்பது என் வேலை. எண் ஏறினால் மறுபடி அலசல். புது மாப்பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டோம் என்று சிரிப்போம். சிரிக்க முடிந்தது, பொய் சொல்ல மாட்டேன். வெயிலில் களையெடுத்த பெண்களுக்கெல்லாம் வருஷம் முழுக்க வேலை. என் மகள் காரைக்குடியில் காலேஜ் போவதும் இந்தத் தூளால்தான்.

மில்லுக்குப் பின்னால் என் நாத்தனாரின் கத்தரித் தோட்டம். போன கோடையில் அவள் கிணறு வற்றிப்போனது. மில்லில் தூள் அலசிய தண்ணீர் டீ நிறத்தில் வீணாக ஓடுவதைப் பார்த்தவள், வாய்க்கால் வெட்டித் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். காய்ந்து கிடக்கும் நேரத்தில் ஓசியில் வரும் தண்ணீரை யார் விடுவார்கள்? மட்டை ஊறிய தண்ணீர் உரம்தானே என்று ஊரே சொன்னது. மிச்சத்தைக் கிணற்றிலும் விட்டாள். கெட்டிக்காரிதான் என்று நானும் அவளைச் சீண்டினேன்.

முதலில் செடி பச்சைப் பசேலென்று நின்றது. பிறகு இலையோரம் கருகியது, பூ உதிர்ந்தது. மழை பெய்து கிணறு ஊறியபிறகும் தேறவில்லை. மருந்தடித்தாள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். ஒருநாள் அவள் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் போய் மில் மீட்டரை விட்டுப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. அந்த எண் வந்தால் தூளை நாங்கள் வண்டியில் ஏற்றவே விட மாட்டோம்.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். நல்ல மனிதர்தான்.

“நாமளா அங்குட்டு விட்டோம்? அவுகதானே வெட்டிக்கிட்டாக. இதுக்காக மில்லை நிறுத்தச் சொல்றீகளா?”

நிறுத்தினால் முதலில் அழுவது என் வீடு.

அன்று சாயங்காலமே நாத்தனாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் காய்ந்த கத்தரிச் செடிகளை அடுப்புக்கு ஒடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இனி ஒண்ணும் வெளையாதா மதினி?”

“நல்ல மழை விழுந்து உப்பெல்லாம் போனாத்தான்.”

கையிலிருந்த செடியை ஒடித்துப் போட்டாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“மில்லுல அலசுறதுக்கு ஆள் வேணுமின்னு சொன்னாகளே. என்னையச் சேத்து விடுவீகளா?”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சேர்த்து விட்டேன். இப்போது அவள் அலசுகிறாள், நான் மீட்டர் பார்க்கிறேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் வெட்டிய வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். தண்ணீர் ஊர்க் கண்மாய்க்குப் போகிறது.