தூக்கினதும் எடுத்ததும்

பேனா மூடியைப் பல்லில் கடித்தபடி எழுந்து போய், இரும்புக் கேட்டை விரல் மடக்கி இரண்டு முறை தட்டுகிறார். பிறகு உள்ளங்கையால் ஓங்கி ஒரு போடு போடுகிறார். சற்று முன் வந்துபோன கூரியர்காரர் இதில் எதைச் செய்தார் என்று முடிவானதும், திரும்பி வந்து பதிவேட்டில் ஆங்கிலத்தில் 'நாக்' என்று எழுதுகிறார். அதற்குள் கூரியர்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். “உங்களை இல்ல தம்பி, நீங்க போங்க” என்று அனுப்பிவைக்கிறார்.

அறுபத்திரண்டு வீடுகள் உள்ள குடியிருப்பின் பகல் காவலர் இவர். வயது ஐம்பத்தொன்று. எல்லோருக்கும் 'டிக்‌ஷனரி அக்கா'. பதிவேட்டை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது செக்யூரிட்டி கம்பெனியின் கட்டளை. இவருக்கு முன் இருந்தவர் 'கம்', 'கோ' என்ற இரண்டே சொற்களில் காலம் தள்ளினார். அக்காவுக்கு அது ஆகாது. மகள் படித்து முடித்துப் போட்ட, அட்டை கிழிந்த அகராதி ஒன்று மேசை டிராயரில் டிபன் பாக்ஸுக்குக் கீழே இருக்கிறது. அது சொல்வதையும் அப்படியே நம்பிவிட மாட்டார், செய்து பார்ப்பார். “கண்ணுல தானா பட்டா ஸீ. நானா திரும்பிப் பாத்தா லுக். கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருந்தா வாட்ச். எனக்குச் சம்பளம் மூணாவதுக்கு” என்பார்.

இரண்டாம் மாடிப் பெரியவர் மழை ஈரத்தில் வழுக்கியபோது, கைகொடுத்துத் தூக்கிவிட்ட கையோடு அக்கா கேட்டது: “சார், விழுந்தீங்களா, இல்ல வழுக்கினதோட சரியா?” பெரியவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, “எது கௌரவமோ அதைப் போட்டுக்கம்மா” என்றார்.

போன வியாழக்கிழமை இந்தப் பழக்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. மூன்றாம் மாடிக்காரரின் புது ஷூவைக் காணவில்லை. படிக்கட்டு பெருக்கும் பெண் முந்தின நாள் பெரிய பையோடு வெளியே போனதை அக்காவே எழுதியிருந்தார், 'கேரி', அதாவது தூக்கிக்கொண்டு போனாள் என்று. குடியிருப்போர் சங்கச் செயலாளர் லேப்டாப் பையும் கையுமாக வந்து பதிவேட்டின் மேல் குனிந்தார்.

“இதை 'டேக்'னு மாத்திடுங்க. எடுத்துட்டுப் போனாள்னு எழுத்துல இருந்தா இன்னைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திடலாம். ரெண்டும் ஒண்ணுதானே.”

அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாற்றினால் அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண் விழும். மாற்றாவிட்டால் தன் நாற்காலியே ஆட்டம் காணலாம்.

“ஒண்ணுதான்னா எதுக்கு சார் மாத்தணும்?” என்றவர், வழக்கம்போல் எழுந்தார். செயலாளரின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கேட் வரை நடந்தார். “இது கேரி. உள்ள என்ன இருக்கு, யாரோடதுன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு நான் பாத்தது இவ்வளவுதான்.” ஒரு காலைத் தெருவில் வைத்தார். “இப்ப நான் இதை எடுத்துட்டேன்னு எழுதுவீங்களா சார்?”

செயலாளரின் கை அவரை அறியாமலே பையை நோக்கி நீண்டது. அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, “சரி, எழுதினது எழுதினபடி இருக்கட்டும். ஷூ கிடைக்கிற வரைக்கும் அவ வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

சனிக்கிழமை ஷூ கிடைத்தது, மூன்றாம் மாடிக்காரரின் சொந்தக் கார் டிக்கியில்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண் நடந்து வருகிறவர்களுக்கான சின்னக் கதவருகே வந்து தயங்கினாள். “வரலாமாக்கா?”

“உன் வேலைக்கு நீ வர்றதுக்கு என்னடி கேள்வி.”

வேலைக்கு வரும் எவருக்கும் 'எண்டர்'தான் எழுதுவது வழக்கம். அக்காவின் பேனா கட்டத்தின் மேல் கொஞ்சம் நின்றது. டிராயரைத் திறக்கவில்லை, எழுந்து செய்து பார்க்கவும் இல்லை. 'ரிட்டர்ன்' என்று எழுதி, மை காய ஊதினார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போய், கார் வந்தால் மட்டும் திறக்கும் பெரிய கேட்டை அவளுக்காக இரண்டு பக்கமும் அகலத் திறந்துவைத்தார்.