நான்காவது காரணம்

போன மாதம் வீடு மாறினேன். உக்கடத்திலிருந்து சரவணம்பட்டிக்கு.

சும்மா மாறவில்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் என் வேலை. பட்டியல் போடாமல் பல்கூடத் தேய்க்க மாட்டேன். 'வீடு மாற ஐந்து காரணங்கள்' என்று எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தேன். மனம் தளரும்போதெல்லாம் திறந்து படிக்க.

ஒன்று, ஆபீஸ் தூரம். இரண்டு, ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை. மூன்று, கரப்பான். நான்கு, மாடி வீட்டு அக்கா. ஐந்து... ஐந்தாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று சேர்த்தது.

நான்காவதற்கு மட்டும் விளக்கமும் உண்டு: 'காலை ஐந்து மணிக் குரல்.'

சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் – அது என்றைக்கு என்று யாருக்குத் தெரியும்? – அக்கா மாடிப்படியில் நின்று சத்தம் போடுவார். "ஏங்கண்ணு, தண்ணி வந்துருச்சு! எந்திரி!" அலாரத்துக்காவது ஸ்னூஸ் உண்டு. நான் குடம் வைக்கிற சத்தம் கேட்கும்வரை அக்கா நகர மாட்டார். மூன்று வருடம் இப்படித்தான்.

புது ஃப்ளாட்டில் லிஃப்ட், பார்க்கிங், இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர். இரண்டாம் நாள் டீத்தூள் எடுக்க அலமாரியைத் திறந்தேன். கதவு வெறுமையாக இருந்தது.

பட்டியல்! அங்கேயே விட்டுவிட்டேன். அந்த வீட்டுச் சாவி யாரிடம்? அக்காவிடம். கிளம்பும்போது டப்பா நிறைய ஒப்புட்டு சுட்டுக் கொடுத்த அதே அக்காவிடம்.

ஸ்கூட்டரில் பறந்தேன்.

"டீ வடிகட்டிய மறந்துட்டனுங்க்கா. சாவி வேணுங்க."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"வடிகட்டியா... காயிதமா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கரப்பானுக்கு அடுத்தாப்புல என்னையப் போட்டிருக்கியே கண்ணு?"

"அய்யோ, அது வரிசைப்படி இல்லீங்க்கா..."

"அதுவும் அஞ்சு மணியாம்! நாலே முக்காலுக்கே எழுப்பியுட்டிருக்கேன். எழுதறதச் சரியா எழுத வேண்டாமா?"

டெஸ்டரின் பட்டியலிலேயே பிழை. சிரிப்பு வந்தது. ஆனால், அக்கா சிரிக்கவில்லை. "மன்னிச்சுக்கங்க்கா" என்றேன். "வேல கெடக்குது, போயிட்டு வா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். எப்போது போனாலும் டீ குடிக்காமல் விடாதவர்.

அதன் பிறகு தினமும் நாலே முக்காலுக்கு எனக்கே விழிப்பு வந்தது. யாரும் கூப்பிடவில்லை. படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். ஒருவர் மேல் நமக்கு எவ்வளவு எரிச்சல் என்பது கூடவே இருக்கும்போது நன்றாகத் தெரிகிறது. அந்த எரிச்சலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும், லாரியில் சாமான் ஏற்றிய பிறகுதான் கண்டுபிடிக்கிறோம். ஏன் இப்படி?

ஐந்தாம் நாள். நாலே முக்கால். போன் அடித்தது.

"ஏங்கண்ணு, தண்ணி வந்துருச்சு! எந்திரி!"

அக்காவே தொடர்ந்தார்: "அட... நீதான் அங்க போயிட்டியே. பழக்கதோசம்."

சொன்னாரே தவிர, போனை வைக்கவில்லை. காத்திருந்தார்.

எழுந்து போய் குழாயைத் திறந்து, அடியில் குடத்தை வைத்தேன் – கொஞ்சம் சத்தமாகவே.