பறி இல்லாத மீன்காரன்

துறைமுகத்தில் இருபது வருஷமாகச் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிவந்த பாஸ்கல், மனைவி ஃப்ளோரன்ஸ் இறந்த பிறகு ராயபுரத்தை விட்டு எண்ணூர்க் கழியோரம் தனியாகக் குடிவந்தார். தனியாக இருப்பவர்மேல் குப்பத்தில் யாருக்கும் நம்பிக்கை வராது. அதுவும் 1943இல், ஜப்பான்காரன் எந்தப் பக்கமாக வருவானோ என்று எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்த வருஷத்தில்.

அவர் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் கறுப்பு மையால் தீட்டிய ஒரு படம் தொங்கியது. கை வெந்துபோன சீனக் கப்பலாள் ஒருவரை பாஸ்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்காக அந்தச் சீனர் கொடுத்தது. ஒரு குடிசை, சாய்ந்த மரம், படகில் தூண்டிலோடு ஒற்றை ஆள். மற்றதெல்லாம் வெற்றுக் காகிதம். மூலையில் சில எழுத்துகள், ஒரு சிவப்பு முத்திரை. வேலை விட்டு வந்ததும் அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் பாஸ்கல் சாப்பிடுவார்.

இறால் கொடுக்க வந்த கோவிந்தம்மாதான் அதை முதலில் பார்த்தாள்.

“இன்னா பாஸ்கலு, தண்ணியே காணோம்?”

“வெள்ளையா கீதே, அதான் தண்ணி.”

“சரி, பறி எங்க?”

பிடித்த மீனைப் போட இடுப்பில் கட்டும் ஓலைக்கூடைதான் பறி. அது இல்லாமல் அந்தக் கழியில் யாரும் இறங்குவதில்லை.

“பறி இல்லாம குந்திகினு கீறான்னா மீன் புடிக்கவா வந்தான்? வேவு பாக்க வந்துகீறான்!” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது சாய்வதற்குள், படத்தில் இருப்பது நம் முகத்துவாரம், சிவப்பு முத்திரை ஜப்பான் கொடி என்று பேச்சு பரவிவிட்டது. அடுத்த வீட்டில் இருந்த எனக்கு அது சீன எழுத்து என்று தெரியும். ரங்கூனில் அப்படிப்பட்ட கடைப் பலகைகளுக்கு நடுவே வளர்ந்தவன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பர்மாவிலிருந்து ஓடிவந்த என்னிடமே ஒழுங்கான காகிதம் எதுவும் கிடையாது.

பேச்சை அடக்கப் பாஸ்கல் ஒரு காரியம் செய்தார். மூட்டைகளுக்குக் குறி போடும் மையால் படகுக்காரன் இடுப்பில் ஒரு பறியை வரைந்துவிட்டார்.

மறுநாள் ஏட்டு சுப்பராயன் வந்தார். மற்ற கோடுகளைவிடக் கறுத்திருந்த பறிமேல் விரலை வைத்தார்.

“இது யாரு போட்டது?”

“நான்தான் ஏட்டையா.”

“அப்போ மிச்சமும் நீதான் போட்டிருக்கே. துறைமுகப் பாஸை எடு.”

பாஸ் போனால் வேலை போச்சு. சீனர் வந்த கப்பலோ எப்போதோ போய்விட்டது. சாட்சிக்கு ஆள் இல்லை. பாஸ்கல் பாஸை நீட்டினார்.

வாசல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோவிந்தம்மா உள்ளே வந்தாள். படத்தை உற்றுப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஐயே! பறி வாயைக் கீழ பாத்துக் கட்டிகீது பாரு! புடிச்ச மீனெல்லாம் தண்ணிக்கே பூடும். இந்தக் கஸ்மாலத்துக்குப் பறி கட்டவே தெரியல. இதுவா நம்ம மொகத்துவாரத்தை அளந்து படம் போட்டுச்சு? போ ஏட்டையா!”

கூட்டம் சிரித்தது. ஏட்டும் சிரித்தார். பாஸைத் திருப்பிக் கொடுத்தார். படத்தை மட்டும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“பெரிய ஐயா பாக்கணும்.”

பத்து நாள் பொறுத்துப் பாஸ்கல் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டார்.

“எந்தப் படம்?” என்றார் சுப்பராயன்.

பாஸ்கல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாஸ் இருந்தது.

“ஒண்ணுமில்ல ஏட்டையா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.