கறுப்புப் பெயின்டின் கீழே

புசல்லாவையிலிருந்து கோவாவும் லீக்ஸுமாக மரக்கறி ஏற்றிக்கொண்டு கண்டிக்கு இறங்கும்போது என் பழைய லொறி பாதையில் நில்லாது. நேரான இடத்திலும் இடப்பக்கம் சாயும். திருப்பினால் ஒரு கணம் யோசிக்கும், பிறகு வலப்பக்கம் அளவுக்கு மீறி ஓடும். குறை லொறியில் என்று இப்போது சொல்கிறேன். அப்போது என் கைகளில்தான் என்று நினைத்தேன். அப்பாவுக்கு இதே வயதில் கைநடுக்கம் தொடங்கியது. அதனால் காலையில் கோப்பையை ஒற்றைக் கையால் தூக்கி, தேத்தண்ணி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

மனைவி கவனித்துவிட்டாள். "ஏங்க, தேத்தண்ணிக்குள்ள என்னா படமா ஓடுது?"

சிரித்துச் சமாளித்தேன். வத்தேகமவில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் மெக்கானிக், அண்ணன் என்ற பொருளில் நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், லொறியில் குறையில்லை என்று சொல்லிவிட்டால், சாவியை அவரிடமே கொடுத்து விற்கச் சொல்வது என்று முடிவுகட்டிக்கொண்டு போனேன்.

நானா ஜெக் வைத்து லொறியைத் தூக்கவில்லை. "பாரம் தரையில ஈக்கணும். அப்பதான் களவு தெரியும்." என்னை ஏறி உட்காரச் சொல்லிவிட்டு அடியில் சரிந்தார். "ஸ்டியரிங்க மெதுவா ஆட்டுங்க, தொட்டில் மாதிரி. புள்ள முழிக்கப்படாது."

ஆட்டினேன். ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துக்கொண்டே நகர்ந்தார். "இது நல்லம். இதுவும் நல்லம்." எல்லாம் நல்லமென்றால் கெட்டது நான்தானே?

பிறகு அடியிலிருந்து சிரிப்பு.

"எறங்கி வாங்க, ஒங்கட வேலயப் பாருங்க."

அவர் ஏறி ஆட்டினார். நான் படுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் பொக்ஸ் முழுதாக, அடிச்சட்டமான செசியில் பூட்டிய இடத்திலேயே அசைந்தது. சக்கரம் திரும்புமுன் அது திரும்பியது. ஆயுத பூசைக்கு நான் அடியெல்லாம் அப்பிய கறுப்புப் பெயின்டில் போல்ட் தலைகள் புத்தம்புதிதாக மின்னின. ஒவ்வொன்றையும் சுற்றி முடியளவு வெடிப்பு, அதில் துருவின் சிவப்பு.

"பூசைக்கு அழகா இருக்கட்டும்னு அடிச்சேன், நானா."

"அழகாத்தான் ஈக்கி. அடுத்த முற மொதல்ல போல்ட்ட இறுக்குங்க, பொறகு பொட்டு வைங்க."

நான் எழவில்லை. எண்ணெய் ஊறிய மண் முதுகுக்கு மெத்தையாயிருந்தது.

"என்னா, அங்கயே தூங்குறீங்களா?"

போல்ட்களை மாற்றி இறுக்கினார். குண்டசாலையிலுள்ள எங்கள் வீடு வரை லொறி நூல் பிடித்ததுபோல் ஓடியது. வளைவுகளில் நான் நினைக்க, அது திரும்பியது. தொட்டில் மாதிரி ஸ்டியரிங்கை ஆட்டிய கதையையும் பொட்டுக் கதையையும் மனைவிக்குச் சொன்னேன். கோப்பை காலியான பிறகுதான், தேத்தண்ணியை ஒருதரமும் உற்றுப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.