கோட்டை அழிக்கும் கட்டைவிரல்

கல்லூரிப் பெண்கள் கோல்ஃப் அணியின் பயிற்சியாளர் லோரெய்ன் ஹெக்லண்ட் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, வெள்ளைப் பலகையில் போட்டிருந்த ஒரு கோட்டைத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். கல்லூரி கோல்ஃபில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள். குறைவான அடிகளில் முடித்த நான்கு பேரின் எண்களைக் கூட்டினால் அதுதான் அணியின் எண். மிச்சமிருக்கும் ஐந்தாவது எண்ணின் மேல், பலகையில் எண்களை எழுதும் பலகைக்காரர் ஒரு கோடு இழுத்துவிடுவார். இருபத்தெட்டு வருடமாக எந்த ஊர்ப் போட்டிக்குப் போனாலும் அந்தக் கோட்டை அழிக்காமல் லோரெய்ன் வேனைக் கிளப்பியதில்லை.

"கூட்டச் சொல்லலையே நான்! கோடு எதுக்குங்கிறேன். அந்தப் பொண்ணும் பதினெட்டுக் குழியும் நடந்துதானே வந்தா?"

பலகைக்காரர்கள் முதலில் சண்டை போட்டார்கள். பிறகு, இந்த அம்மாவோடு யார் மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டார்கள்.

அவரே கல்லூரியில் நான்கு வருடம் ஐந்தாவது ஆளாக ஆடியவர். "எங்கப்பா முந்நூறு மைல் வண்டி ஓட்டிட்டு வந்து பலகையைப் பாப்பாரு. என் பேருக்கு நேரா கோடு. செத்தவங்க பேரை அடிச்ச மாதிரி" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு அவ்வளவு நல்ல சிரிப்பாக இருக்காது.

வடக்கு டகோட்டாவில் கோல்ஃப் பயிற்சியாளராக இருப்பதற்குக் கொஞ்சம் கிறுக்கு வேண்டும். புல்லைக் கண்ணால் பார்க்கவே ஏப்ரல் ஆகிவிடும். அவருக்கு இந்த வேலை கிடைத்ததும்கூட, பதினைந்து பேர் உட்காரும் வேனைப் பனியில் ஓட்டத் தெரியும் என்பதால்தான். குளிர்காலம் முழுக்க நூலகத்தின் தாழ்வாரக் கம்பளத்தில் காபிக் கோப்பையைச் சாய்த்துவைத்து, பெண்களைப் பந்து உருட்டவிடுவார். மார்ச்சில் பனி கொஞ்சம் இறுகியதும் ஆரஞ்சு நிறப் பந்துகளோடு வெளியே கூட்டிப்போவார். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. தொலியைத் துப்புவதற்கென்றே கையில் ஒரு காகிதக் கோப்பை இருக்கும். அதைக் காபி என்று நினைத்துக் குடிக்கப்போன கல்லூரித் தலைவர் ஒருவர் உண்டு.

இந்த ஜனவரியில் விளையாட்டுத் துறை இயக்குநர் கிரெய்க் போமன் ஒரு கடிதம் கொடுத்தார். அணியிலிருந்து ஒரு பெண் விலகி, நால்வர்தான் மிஞ்சியிருந்தார்கள். வசந்தகாலப் போட்டிகளில் ஒரே ஒன்றில் நான்கு எண்கள் சேராமல் போனாலும் மே மாதத்தோடு பெண்கள் கோல்ஃபை மூடிவிடுவோம் என்றது கடிதம். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தாலும் கதை முடிந்தது.

"அரைகுறை டீமை வெச்சுக்கிட்டு ஊர் சிரிக்கணுமா லோரெய்ன்? நீங்களும் ஓய்வெடுக்கலாமே."

"ஓய்வா? எனக்கென்ன நோவு?" என்ற லோரெய்ன், கடிதத்தை நான்காக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் கிரெய்க்கின் கண் முன்னாலேயே செருகினார்.

ஐந்தாவது ஆள் கம்பளத்தில் கிடைத்தாள். கோதுமை விவசாயி மகள் பிரின், ஐஸ் ஹாக்கி ஆடுகிறவள். நூலகத்தில் தன் காலடிக்கு உருண்டு வந்த பந்தை ஹாக்கி மட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள். அது முப்பதடி ஓடிக் கோப்பைக்குள் விழுந்தது. "அடியே, நில்லு! வசந்தத்துல என்ன பண்றே?" என்று லோரெய்ன் போட்ட சத்தத்தில் நூலகர் ஓடி வந்தார்.

கம்பளத்தில் விழுந்த பந்து புல்லில் விழவில்லை. நாள் தவறாமல் பயிற்சிக்கு வந்தும் பிரின் ஒவ்வொரு போட்டியிலும் நூற்றிருபதுக்குமேல் அடித்தாள். ஒவ்வொரு போட்டியிலும் லோரெய்ன் கோட்டை அழித்தார். மற்ற நான்கு எண்களும் எப்படியோ சேர்ந்தன. கடைசிப் போட்டி மட்டும் பாக்கி.

அன்றைக்குக் காற்று ஆளையே தள்ளியது. கிரெய்க்கும் வந்திருந்தார், கனத்த கையுறையும் குல்லாவுமாக. நான்கு பெண்களும் முடித்தாகிவிட்டது. பிரின் மட்டும் பதினைந்தாவது குழியில், முழங்கால் உயரப் புல்லுக்குள் நின்று பந்தை அடிப்பதும் தேடுவதுமாக இருந்தாள்.

"பந்தை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. நாலு பேர் முடிச்சாச்சு, இவ எண் வேண்டாம். எல்லாரும் பாத்துச் சிரிக்கிறாங்க" என்றார் கிரெய்க். பந்தைக் கையில் எடுத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, எண்ணே கிடையாது.

லோரெய்ன் புல்லுக்குள் இறங்கினார். "பிரின், வந்துடுறியா?"

மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு அவள், "பந்து எங்கேன்னு தெரிஞ்சா அடிச்சுட்டு வரேன், கோச்" என்றாள்.

"காதுல விழுந்துச்சா கிரெய்க்? பந்தைத் தேடுங்க."

தேடியபோதுதான் அணியின் சிறந்த ஆட்டக்காரி கென்சி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "கோச், பன்னெண்டாவது குழியில நான் அஞ்சு அடிச்சேன். கூட ஆடினவ அட்டையில நாலுன்னு எழுதியிருக்கா. நான் பாக்காம கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

கூட ஆடுகிறவர் எழுதும் எண்களை ஆடியவரே சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்; ஓர் அடி குறைத்துக் கையெழுத்திட்டால் ஆட்டம் முழுவதும் செல்லாது. கென்சி வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. லோரெய்னின் இருபத்தெட்டு வருடம், ஒரு கையெழுத்தில்! ஆனாலும் அவர் ஒரு விதையைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: "போய்ச் சொல்லிடு. இப்பவே. தலையை நிமிர்த்திக்கிட்டுப் போ."

அவள் போனதும் கிரெய்க் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்று பேர். நான்காவது ஆள் புல்லுக்குள் நிற்கிறாள்.

"பிரின்கிட்ட சொல்ல வேண்டாமா?" என்றார் மெதுவாக.

"எதுக்கு? சொல்லாமலே முடிக்கத்தானே போறா."

பந்து கிடைத்தது, கிரெய்க்கின் பூட்ஸுக்கு ஓரடி தள்ளி. பிரின் அடித்தாள். பதினாறில் ஒன்பது. பதினேழில் எட்டு. பதினெட்டில் இரண்டு தடவை மணல் குழிக்குள் போய் வந்தாள். கடைசிப் பந்து உள்ளே விழுந்ததும் அவள் அட்டையை வாங்கி, குழி குழியாக வாய்விட்டு மூன்று முறை படிக்கவைத்த பிறகுதான் லோரெய்ன் கையெழுத்துப் போடவிட்டார். நூற்று முப்பத்தொன்று.

பலகைக்காரர் கென்சியின் பேருக்கு நேராகச் செல்லாது என்று எழுதியிருந்தார். பிரினின் அட்டையைப் பார்த்தார், 131 என்று எழுதினார், பழக்க தோஷத்தில் அதன்மேல் ஒரு கோட்டையும் இழுத்தார்.

பிரின் தலையைக் குனிந்துகொண்டாள். பலகை முன்னால் கூட்டம் நின்றது. லோரெய்ன் இரண்டு கைகளையும் மேலங்கிப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார்.

"கிரெய்க், கையுறையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"நாலாவது எண் அது. கடுதாசி எழுதினவர் நீங்க. நீங்களே அழிங்க."

கிரெய்க் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றிக் கட்டைவிரலை நாக்கில் தொட்டார்.