காதுக்குப் பின்னால ஒரு சூடு

எங்க அண்ணிக்கு இப்ப தலை முழுக்க நரைச்சிடுச்சு. பாக்கறவங்க பாவம்ன்றாங்க. எனக்குப் பாவமா இல்ல.

எனக்குப் பொறந்ததுலேர்ந்து சுருட்டை முடி. சீப்பு உள்ள போனா பல்லு உடைஞ்சுதான் வெளிய வரும். பென்னலூர்ல எங்க வூட்டுக்கு மருமகளா வந்த நாள்லேர்ந்து அண்ணி என்னைக் கூப்பிட்டது 'குருவிக்கூடு'ன்னுதான். அவளுக்கு முழங்கால் வரைக்கும் நீட்டு முடி. அந்தத் திமிரு.

பத்தொம்பது வயசுல என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க. ஸ்ரீபெரும்புதூர் கோயில்ல வெச்சுப் பாக்கலாம்னு பேச்சு. "இந்தத் தலையோட போனா மாப்ள வூட்டுக்காரங்க அப்படியே திரும்பி ஓடிடுவாங்க"ன்னு, அண்ணி மெட்ராஸ்ல அவ அம்மா வூட்லேர்ந்து மரக்கைப்பிடி போட்ட பித்தளைச் சீப்பு ஒண்ணு எடுத்தாந்தா. ஸ்டவ்வுல காய வெச்சு இழுத்தா எந்த முடியும் நேராயிடுமாம். சட்டைக்காரிங்க, அதான் ஆங்கிலோ-இந்தியப் பொம்பளைங்க, எல்லாம் அப்படித்தான் இழுத்துக்கறாங்களாம்.

சட்டைக்காரிங்க வெறுந்தலைல இழுத்திருப்பாங்க. எங்க வூட்ல எண்ணெ வெக்காத தலைய யாரு கண்டது? ஒரு கை தேங்காண்ணெய அப்பிட்டுத்தான் சீப்ப வெச்சா. சுர்ருன்னுச்சு. காஞ்ச எண்ணெ காதுக்குப் பின்னால வழிஞ்சு தோலு உரிஞ்சிடுச்சு. கத்தினேன். "ஆடாதடி! ஆடினாதான் சுடும்"னா. நான் ஆடவேயில்ல, சத்தியமா. பல்லைக் கடிச்சிக்கினு கல்லு மாதிரி ஒக்காந்திருந்தேன். அடுத்த இழுப்பையும் அதே எடத்துலதான் இழுத்தா.

கோயில்ல தீர்த்தம் குடுத்தாங்க. குடிச்சிட்டு கை ஈரத்தத் தலைல தடவிக்கறது பழக்கமாச்சே, தடவிக்கினேன். ரெண்டே நிமிஷம். நெத்திகிட்ட இருந்ததெல்லாம் சுருண்டு எழும்பிடுச்சு. மிச்சம் நேரா தொங்குது. மாப்ளயோட அம்மா மூக்கச் சுளிச்சிக்கினு, "இன்னாம்மா, கருகின வாடை வருது"ன்னாங்க. அதோட சரி. ரெண்டு வருஷம் எங்க வூட்டு வாசல ஒருத்தரும் மிதிக்கல.

கேட்டவங்ககிட்டல்லாம் அண்ணி சொன்னது ஒண்ணே ஒண்ணு: "நான் ஒழுங்காத்தான் இழுத்தேன். அவதான் ஆடிட்டா." எங்கம்மாவே அத நம்பிடுச்சு. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். புண்ணு ஆறிப்போச்சு, இது ஆறல. அவ வாயாலயே உண்மைய வரவெக்காம விடறதில்லன்னு இருந்தேன்.

அப்புறம் சேரப்பணஞ்சேரில என்னைக் கட்டிக் குடுத்தாங்க. அண்ணிக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. அப்படியே என் முடி! எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, ஐயோ. நேரா மொளைக்கட்டும்னு அந்தக் கொழந்தைக்கு மூணு தடவ மொட்டை போட்டா. மூணு தடவையும் சுருண்டுக்கினுதான் மொளைச்சுது. நல்லா வேணும்னு நெனைச்சேன்.

அந்தப் பொண்ணு வளந்து, அதையும் பாக்க வராங்கன்னு சேதி வந்துச்சு. போனேன். உள்ள நுழையறேன், ஸ்டவ் எரியுது. அதே பித்தளைச் சீப்பு. பொண்ணு முக்காலில ஒக்காந்துக்கினு, "அத்தே, வேணாம்னு சொல்லு அத்தே"ன்னு அழுவுது. தலையெல்லாம் எண்ணெ.

"குடு அண்ணி, நான் இழுக்கறேன்"ன்னு சீப்ப வாங்கினேன். அவளுக்கு ஒரே நிம்மதி. பொண்ண எழுப்பி விட்டேன். "மொதல்ல நீ ஒக்காரு. உன் தலைல ஒரு இழுப்பு இழுத்துக் காட்டறேன், கொழந்தைக்கு பயம் போவட்டும்." அவ தோளப் புடிச்சி அழுத்தி ஒக்கார வெச்சு, உச்சியில எண்ணெயையும் ஊத்தினேன். எங்கம்மா கதவோரமா நின்னு பாத்துக்கினு இருந்துச்சு.

சீப்பு கிட்ட வந்ததும் ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கினா.

"ஆடாத அண்ணி. ஆடினாதானே சுடும்?"

"ஐயோ, ஆடாட்டியும் சுடுமே!"ன்னு அலறினா.

சொன்னதுக்கப்புறம்தான் சொல்லிட்டோம்னு அவளுக்கே புரிஞ்சுது. எங்கம்மா கிட்ட வந்து என் முடிய ஒதுக்கி, காதுக்குப் பின்னால இருந்த தழும்ப விரலால தடவிச்சு. இத்தன வருஷத்துல அதுதான் மொத தடவ.

பொண்ணு தலைய அலசி, சுருட்டையோடவே பூ வெச்சு கூட்டிக்கினு போனேன். வந்தவங்க புடிச்சிருக்குன்னுட்டாங்க. "அத்தைய உரிச்சு வெச்சாப்ல கீது"ன்னு வேற சொன்னாங்க. அண்ணி தலையாட்டிக்கினு நின்னா.

எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுது. ஆனா சீப்பு அன்னிக்கு என் கைல இருந்துச்சு, நல்லா காஞ்சும் இருந்துச்சு. ஒரே ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம். இன்னிக்கும் அவ காதப் பாக்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரங்குது.