டேமேஜ்டு என்று ஒரு திருத்தம்

என் கடையில் மேசையாகக் கிடப்பது ஒரு கதவு. நீலப் பெயின்ட் பாதி உரிந்த பழைய கதவு. கீழே இரும்புச் சட்டம் அடித்து, மேலே கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் வைத்திருக்கிறேன். தாழ்ப்பாள் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒயர் போகிறது. ஊட்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கடைக்கு மனு எழுதவும், இங்கிலீஷில் டைப் அடிக்கவும் வருகிறவர்கள் அதன்மேல் கையூன்றி நின்று பேசுவார்கள். நல்ல மேசையாக ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்பவர்களும் உண்டு. எங்கம்மா வீட்டுக் கதவு என்று மட்டும் சொல்வேன். பெரிய துரை ஒரு நாள் இங்கே வருவார், இதன்மேல் கை வைப்பார் என்று நான் காத்துக் கிடந்ததை யாரிடமும் சொன்னதில்லை.

எஸ்டேட் மேனேஜரைத்தான் நாங்கள் பெரிய துரை என்போம். வெள்ளைக்காரன் போனபின்னும் அந்தப் பட்டம் மட்டும் மலையைவிட்டு இறங்கவில்லை. குன்னூருக்கு அந்தப் பக்கம் இருந்த தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறித்தாள், நான் ஆபீசில் டைப்பிஸ்ட். துரைக்கு இங்கிலீஷ் என்றால் உயிர். அதிலும் அழிவைச் சொல்லும் வார்த்தைகள் என்றால் தனி ருசி. காட்டுப்பன்றிகள் உருளைக்கிழங்குப் பாத்தியை நாசம் செய்ததை 'டெமாலிஷ்' என்று ஒரு தடவை அடித்துவிட்டேன். "பன்னி என்ன பிளான் போட்டு, கடப்பாரை எடுத்துட்டா வந்துச்சு?" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். டெமாலிஷ் என்றால் மனிதன் தீர்மானித்து ஒரு கட்டடத்தை இடிப்பது. கொழுந்து லாரி பள்ளத்தில் உருண்டால் அது 'ரெக்'. கூரை மழையில் கொஞ்சங்கொஞ்சமாக இற்றுப்போனால் 'ரூயின்', குடியில் போன மனிதனுக்கும் அதே வார்த்தைதான். உறைபனி ஒரு மலைச்சரிவையே கருக்கிவிட்டால் 'டெவஸ்டேட்'. அது மனசுக்கும் பொருந்தும் என்பார். ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஆள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

ஒரு வருஷத்து மழையில், நாங்கள் குடியிருந்த லயன் வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவரும் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருந்ததால் பிழைத்தோம். திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, பின்சுவர் இல்லை, அடுப்பு இருந்த இடம் முழுக்கச் சேறு. முன்பக்கத்து நிலையும் நீலக் கதவும் மட்டும் பூட்டோடு நின்றன. அம்மா முந்தானையில் முடிந்திருந்த சாவியை எடுத்து, பழக்கதோஷத்தில் பூட்டைத் திறந்துகொண்டுதான் உள்ளே போனாள். உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே.

தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் போக வேண்டியிருந்தது. முழுக்க அழிந்த வீட்டுக்குப் பதில் கீழே சமதளத்தில் புது வீடு தருவார்கள், சேதப்பட்டதைப் பூசிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு நேரே 'டெஸ்ட்ராய்டு' என்று அடித்துக்கொண்டுபோய் வைத்தேன். துரை சிவப்புப் பேனாவைத் திறந்து, அதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'டேமேஜ்டு' என்று எழுதினார்.

"ஜீப்ல வர்றப்போ பாத்தேன், உங்க வீட்டுக் கதவு நிக்குதேம்மா. டெஸ்ட்ராய்டுன்னா எதுவும் நிக்கக் கூடாது."

"உள்ள ஒண்ணுமே இல்லீங்க சார்."

"நான் வீட்டப் பத்திப் பேசல. வார்த்தையப் பத்திப் பேசறேன்."

அதே காகிதத்தில் இரண்டு வரி தள்ளி அவருடைய பங்களாவின் கண்ணாடிப் பூச்செடிக் கூடம் இருந்தது. கண்ணாடிகள்தான் நொறுங்கியிருந்தன, இரும்புச் சட்டம் முழுசாக நின்றது. அதற்கு நேரே அவரே சொல்லி நான் அடித்த டெஸ்ட்ராய்டு அப்படியே இருந்தது. அந்த வரிக்குச் சிவப்புப் பேனா போகவில்லை.

பின்சுவரை மண் வைத்துப் பூசித் தந்தார்கள். நான் புலம்பும்போதெல்லாம் அம்மா, "நிக்குதல்ல கண்ணு, உடு" என்பாள். அடுத்த மழை வரைக்கும்தான் நின்றது. விடியக்காலையில் அடுப்பு மூட்டக் குனிந்தவள்மேல் அந்தச் சுவர் விழுந்தது. இந்தத் தடவையும் கதவு நின்றது.

அடக்கம் முடிந்து வேலைக்குப் போனபோது, என் இடத்தில் வேறொருவர் அடித்து, துரை கையெழுத்துப் போட்ட இரங்கல் கடிதத்தின் நகல் என் மேசையில் இருந்தது. நிர்வாகம் டெவஸ்டேட் ஆகிவிட்டதாம். எங்கள் வீட்டுக்கு டேமேஜ்டு என்று எழுதிய மனுஷன், பெரிய வார்த்தையைத் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தார். நான் அழவில்லை. அன்றைக்கே வேலையை விட்டேன். கதவை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு ஊட்டிக்கு வந்தேன். கோயிலில் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் இன்றைக்கும் எழுந்து வெளியே போய் நின்றுவிடுவேன்.

பல வருஷம் கழித்து, போன மழையில் அவர் வந்தார். ரிட்டயராகி, பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு வீடு கட்டிக் குடியிருந்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது சரிந்த செய்தியும் காதில் விழுந்திருந்தது. சந்தோஷப்பட்டேன், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. ஸ்வெட்டர் நனைந்து, முகம் சுருங்கி, தடியூன்றி வந்தவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கதவின்மேல் முழங்கையை ஊன்றினார். கை நடுங்குகிறது, தன்னால் எழுத முடியவில்லை, இன்ஷூரன்சுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வேண்டும் என்றார். டோட்டலி டெஸ்ட்ராய்டு என்று போடச் சொன்னார். அடித்தேன், பிரிண்ட் எடுத்தேன்.

"ஏனுங்க சார், ஊட்டுல ஏதாச்சும் நிக்குதுங்களா?"

"முன்பக்கம் மட்டும் நிக்குதும்மா. வாசலும் கதவும். உள்ள ஒண்ணுமே இல்ல."

டிராயரில் சிவப்புப் பேனா ஒன்று வைத்திருந்தேன். மை காய்ந்தால் புதுசு மாற்றி மாற்றி வைத்திருந்தேன். எடுத்து, அந்த வார்த்தையை ஒரே கோட்டில் அடித்து, மேலே டேமேஜ்டு என்று எழுதி அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு, தன் கைக்குக் கீழே இருந்த நீலப் பெயின்டையும் தாழ்ப்பாள் ஓட்டையையும் பார்த்தார். முழங்கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"டைப்பிஸ்ட் பொண்ணு..." என்றார். "உங்கம்மா..." என்று இழுத்துவிட்டு, காகிதத்தை என் பக்கம் தள்ளினார். கெஞ்சுகிற குரலில், "டெஸ்ட்ராய்டுன்னே போட்டுக் குடும்மா. எனக்கு வேற எடமில்ல" என்றார்.

காகிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன். "பக்கத்துக் கடைல அடிச்சுத் தருவாங்க சார். இங்க அந்த வார்த்தைய எங்கம்மாளுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேனுங்க."

அவர் தடியை ஊன்றிப் படியிறங்கினார். கதவின்மேல் அவர் முழங்கை ஈரம் வட்டமாக நின்றது. நான் துடைக்கவில்லை, அது தானாகக் காயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.